நாடியும் குருதி விசையும்

நாடி என்னும் சொல் தமிழில் இருவேறு பிறப்பினது. ஒன்று, நாடுதல் என்னும் தமிழ் வினையிலிருந்து பிறந்த எச்சம். தேடி, ஆராய்ந்து என்பது அதன் பொருள். மற்றொன்று, குழல், குருதிக் குழல் என்னும் பொருளில் வடமொழியிலிருந்து வந்து வழங்கும் பெயர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்தில், 948ஆம் குறளுள் இச்சொல் மும்முறை வருதலைக் கண்டு, வள்ளுவர் கைந்நாடி பார்த்தலையே ஈண்டுக் குறித்தார் எனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. மூன்றிடத்தும் அச்சொல் வினையெச்சமாகவே நிற்கின்றது. பெயராகக் கொள்ளின் தொடரே இயையாது. அதே அதிகாரம் வாதம் முதலாக எண்ணப்படும் மூன்றனைக் கூறுவது உண்மை. ஆயினும், முக்குற்றக் கொள்கையை அறிந்திருத்தல் வேறு. அதனை மணிக்கட்டில் விரல் வைத்து அறியும் முறையைக் கையாளுதல் வேறு.

இத்தகைய விரைவு முடிபு இன்னும் ஓரிடத்தில் நிகழக் காண்கின்றோம். நோயற்றாரின் குருதிக் குழற் சுவர்மீது குருதியோட்டம் செலுத்தும் விசையை இந்நாளைய மருத்துவ அறிவியல் அளந்து காட்டுகின்றது. அதனைக் கேட்டவுடன், இஃது எம் சித்தர்கள் மூன்று விரலால் அளந்ததே என உரைப்பது எளிது. சித்தர் நூல்களைப் பயனற்றவை எனத் தள்ளுவதும் அதே அளவிற்கு எளிது. விரல் எதனை அறிந்தது, எதனை அறிய இயலாது என்பதை வரலாற்று முறையில் வரையறுத்துக் கொண்டாலன்றி இவ்விரு கூற்றுகளையும் மதிப்பிடுதல் இயலாது. அவ்வரையறையே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் விசையின் இயல்பைக் காண்பாம். சவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியாகக் கிழக்கே செல்வது சேயாறு. மலைபடுகடாத்துள் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழித்துணையாகச் சொல்லப்படும் ஆறும் இதுவே. இவ்வாறு மலையை விட்டு இறங்கும் இடத்தில் ஒருவர் நின்று நோக்கினால், நீர் தன் கரைமீது இருவகையாகத் தொழிற்படுதலை உணரலாம். நீரின் ஆழமும் எடையும் கரையைச் செங்குத்தாகத் தள்ளுகின்றன. நீர் ஓடுங்கால், ஓடும் திசையிலேயே படுகையின் மேற்பரப்பைத் தடவி இழுக்கவும் செய்கின்றது. மணலை உருட்டுவதும் பாசியைச் சாய்ப்பதும் இவ்விரண்டாம் விசையே. தேங்கிய குளத்தில் முன்னது உண்டு, பின்னது இல்லை.

குருதிக் குழலிலும் இவ்விரண்டும் உள. குருதி குழலை வெளிநோக்கித் தள்ளுவதை அழுத்துவிசை என்றும், சுவரின் உட்புறத்தைத் தடவிச் செல்லும் இழுப்பை வருடுவிசை என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம். பள்ளி இயற்பியல் நூல்கள் பின்னதைச் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்னும். சொல் துல்லியமானதே, ஆயினும் வாயில் நுழைய மறுக்கின்றது.

இவ்விரண்டின் அளவு வேறுபாடே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல். நலமுள்ளாரிடம் இதயம் சுருங்குங்கால் அழுத்துவிசை பாதரச அளவில் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். அதாவது 16,000 பாசுகல். கழுத்துத் தமனியில் வருடுவிசையோ ஏறத்தாழ 1 பாசுகல். ஒரு பாசுகல் எத்துணைச் சிறிது என்பதை அம்மலையின் விளைபொருளைக் கொண்டே விளக்கலாம். ஏறத்தாழ 100 கிராம் சாமையை ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் சீராகப் பரப்பினால் அது தரையை அழுத்தும் விசை 1 பாசுகல். அவ்வளவு விசை கீழ்நோக்கி அன்றிப் பக்கவாட்டில் இழுத்தால் எவ்வாறிருக்குமோ அதுவே குருதியின் வருடல். முன்னதில் பதினாயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத இதனைத் தோலுக்கும் தசைக்கும் குழற்சுவருக்கும் அப்பாலிருந்து எந்த விரலும் உணராது. ஆதலின், நாடி பார்க்கும் மருத்துவர் உணர்வது அழுத்துவிசையின் ஏற்றத்தாழ்வே என்பது ஐயத்திற்கிடமின்றிப் பெறப்படும்.

இனி, அவ்வழுத்துவிசையைச் சித்த மருத்துவர் அறிந்த முறையை நோக்குவாம். அகத்தியர் முதலியோர் பெயரால் வழங்கும் நாடி நூல்கள், ஆணுக்கு வலக்கையும் பெண்ணுக்கு இடக்கையும் பற்றி, மணிக்கட்டிற்கு ஓரங்குலம் தள்ளி மூன்று விரல்களை வைக்குமாறு கூறுகின்றன. ஆள்காட்டி விரலில் வாதமும், நடுவிரலில் பித்தமும், மோதிர விரலில் ஐயமும் உணரப்படும் என்பது கொள்கை. வாதம் அன்னம், கோழி, மயில் ஆகியவற்றின் நடை போன்றும், பித்தம் ஆமை, அட்டை போன்றும், ஐயம் தவளை, பாம்பு போன்றும் செல்லும் என உவமை கூறப்படும். கையன்றிக் கழுத்து, கணுக்கால் முதலிய இடங்களும் நாடி பார்த்தற்குரியனவாகச் சுட்டப்பட்டுள.

இவ்வுவமைகளைக் கண்டு நகைப்பார்க்கு ஒன்று கூறுவாம். கிரேக்க மருத்துவரும் நாடியை எறும்பு ஊர்தல் போல்வது என்றும் மான் துள்ளல் போல்வது என்றும் பெயரிட்டு வழங்கினர். காலன் நூல்களில் இவற்றைக் காணலாம். அலையின் வடிவத்தை வரைந்து காட்டும் கருவி தோன்றுமுன், அசைவை அசைவால் உணர்த்துவதன்றி வேறு வழி எந்நாட்டார்க்கும் இருந்ததில்லை. அலையை வரையும் கருவியை 1850களில் செருமானியராகிய வியரோர்ட்டும் 1860இல் பிரஞ்சுக்காரராகிய மாரேயும் அமைத்த பின்னரே உவமைக்குப் பதில் கோடு வந்தது.

உவமையினும் மேலாக எம் கருத்தை ஈர்ப்பது நாடி நூல்கள் கூறும் அளவே. நலமுற்ற உடலில் வாதம் 1 மாத்திரையும், பித்தம் அரை மாத்திரையும், ஐயம் கால் மாத்திரையும் இருத்தல் வேண்டும் என அவை வரையறுக்கின்றன. மாத்திரை என்னும் அளவு தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று. கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் அதன் வரையறை எனத் தொல்காப்பியம் கூறும். குறில் 1, மெய் அரை, மகரக்குறுக்கம் கால் என எழுத்தின் ஒலிப்பிற்கு வகுத்த அதே பின்னங்கள் ஈண்டு நாடிக்கும் வருதல் கருதத்தக்கது. இலக்கணத்திலிருந்தே மருத்துவம் இதனைப் பெற்றது எனத் துணிதற்குச் சான்றில்லை. ஆயினும், ஒலியின் அளவை அறியப் பழகிய செவியினர் துடிப்பின் அளவைக் கூறப் புகுங்கால் கைக்கெட்டிய அலகை எடுத்தாண்டனர் எனல் இயல்பே. மாத்திரை எழுத்தில் காலத்தைக் குறிக்க, நாடியில் அது வலிமையின் விகிதத்தைக் குறிப்பதாகவே எமக்குத் தோன்றுகின்றது. மூன்று விரல்களின் கீழும் துடிப்பது ஒரே இதயத்தின் துடிப்பாதலின், அவற்றின் கால எண்ணிக்கை வேறுபடுதற்கு இடமில்லை.

இங்கு நாம் போற்றத்தக்கது, விகிதத்தின் உண்மையன்று. அதனை இக்காலக் கருவிகள் மெய்ப்பித்தன என யாம் கூறவரவில்லை. நோயை ஆராயுமுன் நலத்தின் அளவை நிறுவ வேண்டும் என்னும் முறைமையே போற்றத்தக்கது. வடமொழி மருத்துவ நூல்களுள் தொன்மையான சரகமும் சுசுருதமும் நாடித் தேர்வை விரித்துரைக்கவில்லை. ஏறத்தாழ 13, 14ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சார்ங்கதர சங்கிதையிலேயே அது தெளிவாக இடம்பெறுகின்றது. அங்கும் பாம்பு, தவளை, அன்னம் முதலிய நடைகளே கூறப்படுகின்றன. இது தெற்கிலிருந்து வடக்கே சென்றதென்பார் கூற்று விரும்பத்தக்கதே. விருப்பம் சான்றாகாது. இன்று கிடைக்கும் தமிழ் நாடி நூல்களின் நடை பிற்காலத்ததாதலின், முன்பின் முறையை அவற்றைக் கொண்டு நிறுவ இயலாது.

மேனாட்டில் விசையை எண்ணால் அளக்கும் முயற்சி, வில்லியம் ஹார்வி 1628இல் குருதிச் சுழற்சியை நிறுவியதன் பின்னரே தொடங்கியது. ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் வெளியிட்ட நூலில் தம் ஆய்வைக் கூறுகின்றார். உயிருள்ள பெண் குதிரையொன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, நெடிய கண்ணாடிக் குழலொன்றை அதனோடு பொருத்தினார். குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்தது. அழுத்துவிசையின் முதல் அளவு இதுவே. அளக்கப்பட்ட குதிரை பிழைக்கவில்லை. நலமுள்ள உடலை அளக்கப் புகுந்து அந்நலத்தையே அழித்த இச்செய்தியை யாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த இரு நூற்றாண்டுகளின் முயற்சி முழுதும், அறுக்காமலும் குத்தாமலும் அளப்பது எவ்வாறு என்னும் ஒரு வினாவையே சுற்றி நிற்கின்றது.

பாரிசு மருத்துவராகிய புவாசேய் 1828இல் பாதரசக் குழலைக் கொண்டு வந்து கண்ணாடிக் குழலின் உயரத்தைக் குறைத்தார். 1840களில் அவர் நுண்ணிய கண்ணாடிக் குழல்களில் நீரைச் செலுத்திக் கண்ட விதி இன்னும் புகழ் வாய்ந்தது. குழலின் ஆரம் இருமடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகும். குருதி விரைவில் உறைந்துவிடுமாதலின் அவர் நீரைக் கொண்டார். செருமனியின் ஹாகன் 1839இலேயே தனித்து இதே விதியைக் கண்டிருந்தார். சுவரை ஒட்டிய பாய்மம் நின்றுவிடும், அதற்கடுத்த அடுக்கு மெல்ல நகரும், நடுவிலுள்ளது விரைந்தோடும். அடுக்குக்கு அடுக்கு விரைவு மாறும் சரிவைப் பாய்மத்தின் பாகுத்தன்மையால் பெருக்கினால் வருடுவிசை கிடைக்கும். ஆக, இவ்விசையைத் தொட்டறிய இயலாது. ஓட்டத்தைக் கண்டு கணக்கிட்டே அறிதல் வேண்டும்.

அழுத்துவிசை 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சியின் கைப்பட்டையாலும், 1905இல் உருசியரான கொரோத்கோவ் கேட்டறிந்த ஒலிகளாலும் எவர்க்கும் எளிதாயிற்று. இன்று ஆரம்பச் சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் நிகழ்வது அதுவே. ஆனால் உள்ளோடும் குருதியின் விரைவை வெளியிலிருந்து காண்பது எங்ஙனம்?

விடை மருத்துவத்திலிருந்து வரவில்லை, வானியலிலிருந்து வந்தது. 1842இல் பிராகு நகரில் கிறித்தியான் டாப்ளர் இரட்டை விண்மீன்களின் நிறம்பற்றி ஒரு கட்டுரை படித்தார். நம்மை நோக்கி வரும் பொருளின் அலை நெருங்கியும் விலகிச் செல்வதன் அலை நெகிழ்ந்தும் தோன்றும் என்பது அவர் கோட்பாடு. ஒலிக்கு இது பொருந்துதலை 1845இல் ஒல்லாந்தில், ஓடும் புகைவண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஆய்ந்து கண்டனர். பின்னர் ஒளிநிரலின் கோடுகள் இடம்பெயர்தலைக் கொண்டு விண்மீனின் விரைவை அளத்தல் வானியலில் நிலைபெற்றது.

சவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு அமைத்த வானாய்வகம் இம்முறைக்குத் தமிழகத்தின் பெருஞ்சான்று. 1968இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியோடு தொடங்கி, 1972இல் 102 சென்டிமீட்டர்க் கருவியும், 1986இல் அவர் பெயரைத் தாங்கிய 234 சென்டிமீட்டர்க் கருவியும் அங்கு நிறுவப்பெற்றன. தொட இயலாத ஒன்றின் ஓட்டத்தை, அதிலிருந்து வரும் அலையின் பிறழ்ச்சியைக் கொண்டு அறிதல் அங்கு அன்றாடத் தொழில்.

1950களின் பிற்பகுதியில் சப்பானில் ஒசாகா நகரின் சத்தோமுரா இதே நெறியைக் குருதிக்குப் பொருத்தினார். விண்மீன் தானே ஒளிரும். குருதி தானே ஒலிப்பதில்லை. ஆதலின் செவிக்கெட்டா மீயொலியைத் தோல்வழி உட்செலுத்திக் குருதிச் செல்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டனர். நொடிக்கு 50 இலட்சம் அதிர்வுடைய ஒலி, நொடிக்கு அரை மீட்டர் ஓடும் குருதியில் 60 பாகைச் சாய்வாகப் பட்டு மீண்டால், அதிர்வு ஏறத்தாழ 1,600 அளவு மாறும். அவ்வேறுபாடு மனிதச் செவிக்குக் கேட்கும் எல்லையிலேயே அமைகின்றது. விரலால் உணர்ந்த மருத்துவர் செவியால் கேட்கலானார். விண்மீன் அளப்பார்க்குள்ள இடரும் உடன் வந்தது. அளப்போனை நோக்கிய கூறு மட்டுமே அலையில் தெரியும். குறுக்கே செல்லும் ஓட்டம் தெரியாது. சாய்வுக் கோணத்தை அறியாதார் விரைவைக் கூறல் இயலாது.

இவ்வளவு முயன்று இச்சிறு விசையை ஏன் அளத்தல் வேண்டும் என வினவலாம். இதன் பின்னே ஒரு வழக்கு உண்டு. தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடித்தலே நெஞ்சடைப்பிற்கும் மூளைத் தாக்கிற்கும் பெருங்காரணம். படிவு எங்கும் ஒருபடித்தாக நிகழ்வதில்லை. கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் மிகுகின்றது. குருதி முழுதும் ஒன்றாயிருக்க, இடம் மட்டும் வேறுபடுவது ஏன்? 1968இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்டு ஃபிரை, நாய்களின் பெருந்தமனியில் ஓட்டத்தை மிகுவித்து ஆராய்ந்து, வருடுவிசை 38 பாசுகலை அண்மித்தால் உட்படலச் செல்கள் சிதைதலைக் காட்டினார். மிகுவிசையே கேடு எனப் பலரும் கொண்டனர். மறு ஆண்டில் இலண்டனில் கோலின் காரோவும் உடனாய்வாளரும் இறந்தோர் தமனிகளை ஆராய்ந்து நேர்மாறான முடிபை வெளியிட்டனர். தொடக்கநிலைப் படிவுகள் விசை மிகுந்த இடத்தில் இல்லை; விசை குறைந்த இடத்திலேயே உள என்பது அவர்கள் கண்டது.

சேயாற்றங்கரை வேளாளர்க்கு இது வியப்பன்று. வண்டல் படிவது நீர் விரையும் வெளிவளைவிலன்று. சோம்பிச் சுழலும் உள்வளைவிலேயே. ஆயினும் உவமையை அளவு கடந்து நீட்டலாகாது. தமனிப் படிவு வண்டலைப் போல வெறுமனே தங்குவதன்று. வருடலை உணரும் உட்படலச் செல்கள் அதற்கேற்ப நைட்ரிக் ஆக்சைடு முதலிய பொருள்களைச் சுரந்து குழலைத் தளர்த்தியும் காத்தும் வருகின்றன. வருடல் குன்றினால் அக்காப்பும் குன்றும். உட்படலம் இவ்வாறு ஒரு பொருளைச் சுரத்தலை 1980இல் ஃபர்ச்காட் கண்டார்; நைட்ரிக் ஆக்சைடுபற்றிய ஆய்விற்காக 1998இல் அவரும் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். குழலைக் கெடுப்பதாக ஐயுறப்பட்ட விசை அதன் காவலாக வெளிப்பட்டது.

இவ்வழக்கைத் தீர்ப்பதில் நலமுள்ளாரின் அளவே பெருஞ்சான்றாயிற்று. இறந்த உடலில் ஓட்டமில்லை. நோயுற்ற குழலில், படிவினால் ஓட்டம் மாறியதா ஓட்டத்தால் படிவு நேர்ந்ததா என அறிய வழியில்லை. நோயற்றாரின் கழுத்தில் மீயொலியாலும், பின்னர்க் காந்த ஒத்ததிர்வுப் படத்தாலும் அளந்தபோது, பொதுக் கழுத்துத் தமனியில் சராசரி வருடுவிசை 1 பாசுகலைச் சற்று ஒட்டியும், உச்ச நிலையிலும் சில பாசுகல் அளவிலும் நின்றது. ஃபிரை கண்ட 38 பாசுகல் உண்மையே. ஆனால் நலமுள்ள உடல் ஓய்வில் அவ்வெல்லையின் அண்மைக்கும் செல்வதில்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில் வெளிச்சுவரை ஒட்டி ஓட்டம் தேங்கி முன்னும் பின்னும் அலைதலும், படிவு அவ்விடத்தே மிகுதலும் 1980களில் கூ, சாரின்சு, கிளாகாவ் முதலியோரால் காட்டப்பட்டன. 1999இல் மாலெக்கும் உடனாய்வாளரும் திரட்டிய ஆய்வுரையின்படி, 1.5 பாசுகலுக்கு மேல் உட்படலம் காப்பு நிலையிலும், 0.4 பாசுகலுக்குக் கீழ்ப் படிவிற்கு இடந்தரும் நிலையிலும் இருக்கும்.

அளவீடு ஓர் அழகிய கொள்கையைக் குலைக்கவும் செய்தது. அமெரிக்கரான மறே 1926இல், உடல் குறைந்த செலவில் குருதியைச் செலுத்துமாயின் ஓட்டம் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப அமையும் எனக் கணித்தார். அது மெய்யாயின் வருடுவிசை உடலெங்கும் ஒன்றாதல் வேண்டும். நலமுள்ளாரை அளந்தபோதோ, கை, தொடைத் தமனிகளில் அது கழுத்திலுள்ளதில் பாதியும் இல்லாமை தெரிந்தது. வயிற்றுப் பெருந்தமனியின் கீழ்ப்பகுதியில் ஓய்வுநிலையில் குருதி ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது பின்னோக்கியும் செல்கின்றது. கால்களை இயக்கும் பயிற்சியின்போது அப்பின்னோட்டம் நீங்கி வருடுவிசை உயர்கின்றது. மலையேறும் கால்கள் தம்மை அறியாமலே இதனைச் செய்கின்றன.

அளவீட்டின் குறையும் கூறத்தக்கது. சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கிலேயே சரிவு மிகுதி. மீயொலி மங்குவதும் அங்கேயே. குருதியின் பாகுத்தன்மை ஆளுக்கு ஆள் மாறும். சோகை உள்ளாரிடம் குறையும். ஆதலின் எண்ணைத் தனியே எடுத்துக் கூறுவோர் அளந்த முறையையும் உடன் கூறக் கடவர்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த மருத்துவக் கருவி ஆய்வு மையம் ஆர்ட்சென்சு என்னும் கருவியை ஆக்கியுள்ளது. படம் காட்டாமலே மீயொலியால் கழுத்துத் தமனியின் சுவர் துடிப்பிற்குத் துடிப்பு விரிந்து சுருங்குதலை அளந்து அதன் விறைப்பைக் கூறுவது அது. பெரிய மருத்துவமனைக்கு வெளியேயும் கொண்டு செல்லத்தக்க வகையில் அஃது அமைக்கப்பட்டது. ஆயினும் அது கூறுவது அழுத்துவிசைக்குச் சுவர் தரும் மறுமொழியே. நாடி நூலார் கழுத்தில் விரல் வைத்து உணர முயன்றதும் அதுவே. வருடுவிசையை அறிய ஓட்டத்தின் விரைவும் வேண்டும்.

சொல்லைப்பற்றி ஒன்று கூறி அமைவாம். தமிழகப் பாடநூல்கள் தமனி, சிரை என வழங்க, ஈழத்துப் பாடநூல்கள் நாடி, நாளம் என வழங்குகின்றன. 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றி, மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனும் அவர் மாணவரும் உடற்கூற்று நூல்களையும் உடலியல் நூல்களையும் தமிழாக்கினர். அவர்கள் வளர்த்த கலைச்சொல் மரபு ஈழத்தில் தடம் பதித்தது. ஈழத்து வழக்கில் நாடி என்பது குழலின் பெயராகவே நிற்க, தமிழகத்தில் அது துடிப்பின் பெயராகச் சுருங்கியது. குழல், துடிப்பு, ஓட்டம், அழுத்துவிசை, வருடுவிசை என ஐந்து பொருள்களை ஒரே சொல்லில் அடக்கியதனாலேயே, சித்தர் அனைத்தையும் அளந்தனர் என்னும் கூற்றிற்கு இடம் உண்டாயிற்று என யாம் கருதுகின்றோம். நாடி நூல்களைப் பதிப்பிப்போர் அச்சொல் வருமிடந்தோறும் இவ்வைந்தனுள் எது கருதப்பட்டது என அடிக்குறிப்பில் பிரித்துக் காட்டுவாராயின், நலமுற்ற உடலுக்கு அந்நூல்கள் வகுத்த விகிதத்தைக் கருவியின் அலைவடிவோடு ஒப்பிட்டு ஆராயும் பணி தொடங்கலாகும்.